ஆண்டறிக்கை: புழு இடம் மாறியதா, சல்லடை மாறியதா?

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார், நான் நேராகப் புழுவுக்கே வந்துவிடுகிறேன்.

இந்த ஆண்டு கடலுக்குப் போனதைவிடப் பழைய நோட்டுகளைத் தூசி தட்டியதில்தான் அதிக நேரம் போனது. கடலடிச் சேற்றில் வாழும் பாலிகீட் புழுக்கள் அன்று எங்கே இருந்தன, இன்று எங்கே இருக்கின்றன என்று ஒரு வரைபடம் போட நினைத்தோம். போட்டும் விட்டோம். சின்னப் புழுக்கள் எல்லாம் திடீரென்று பெருகிப் புது இடங்களைப் பிடித்துவிட்ட மாதிரி இருந்தது, கூட்டத்தில் கைதட்டல்கூட விழுந்தது, அப்புறம்தான் ஒருவர் மெதுவாகக் கேட்டார், அந்தக் காலத்தில் எந்தச் சல்லடையில் அலசினார்கள் என்று. பார்த்தால் 1 மி.மீ. நாம் இப்போது அலசுவது 0.5 மி.மீ.யில். அன்று சல்லடைக் கண் வழியே நழுவித் தண்ணீரோடு போனவைதான் இன்று தட்டில் நெளிகின்றன. வரைபடத்தைச் சுருட்டி வைத்தோம்.

அடுத்த தலைவலி பெயர். கழிவு சேர்ந்த சேற்றில் மண்டிக் கிடக்கும் காப்பிடெல்லா காப்பிடேட்டா என்ற பாலிகீட் புழுவை ஒரே இனம் என்றுதான் எல்லோரும் எழுதி வந்தார்கள். 1976இல் கடல் உயிரியலாளர்களான கிராசில் தம்பதியர் அதற்குள் குறைந்தது ஆறு இனங்கள் ஒளிந்திருப்பதைக் காட்டினார்கள். உருவம் கிட்டத்தட்ட ஒன்று, இனப்பெருக்கம் வேறு வேறு. அதனால் நம் நோட்டில் அந்தப் பெயர் உள்ள இடத்தில் எல்லாம் வெறும் பேரினப் பெயரான 'காப்பிடெல்லா' என்று திருத்திவிட்டோம். சிலருக்கு வருத்தம்தான், வேறு வழியில்லை.

அதற்காக மாற்றமே நடக்கவில்லை என்று சொல்லவில்லை. வட அமெரிக்கக் கரையைச் சேர்ந்த மாரென்செல்லேரியா என்ற பாலிகீட் புழு 1985 வாக்கில் பால்டிக் கடலில் தென்பட்டது, கப்பல்கள் ஆடாமல் நிற்க அடியில் ஏற்றிக்கொள்ளும் நிலைப்புநீரில் வந்திருக்கலாம் என்கிறார்கள், சில பத்தாண்டுகளில் அந்தக் கடலின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது. அங்குள்ள பழைய புழுக்களைவிட ஆழமாக வளை தோண்டும். அதைச் சல்லடையின் மேல் பழி போட முடியாது.

சரி, வரும் ஆண்டு வேலை. பழைய இடங்களிலேயே மறுபடி சேறு அள்ளி, 1 மி.மீ. சல்லடையை மேலேயும் 0.5 மி.மீ.யைக் கீழேயும் வைத்து அலசித் தனித்தனியாக எண்ணப் போகிறோம். அலசும்போது புழு துண்டு துண்டாகும், எனவே தலையை மட்டும் எண்ணவும். போன முறை வாலையும் எண்ணியவர் யாரென்று அவருக்கே தெரியும். 1 மி.மீ. சல்லடை நம்மிடம் இருப்பது ஓரத்தில் கிழிந்தது, புதிது வாங்கப் பொதுக்குழு ஒப்புதல் தேவை. கிழிசலைத் தைத்துக்கொள்ளலாம் என்கிறார் பொருளாளர்.