கழகத்தின் கதை பாதி காத்தான்குடியில்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. மகளின் கலியாணம் பேசி முடித்ததை வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் மனுசிக்குத்தான் உன்னைவிடச் சந்தோசம். இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்கு வந்தாறுமூலைக் கம்பஸில் கடைசி வருசம். நானும் பென்சன் எடுத்த பிறகு சும்மா இருக்கவில்லை.

நம் கிரிக்கெட் கழகம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டிருந்தாய். இருக்கிறது. இப்போதைய பொடியன்மார் ஒரு நினைவு மலர் போடப் போகிறார்கள். வரலாற்றை எழுதும் பொறுப்பு என் தலையில். “வென்ற கிண்ணங்களின் பட்டியல், தலைவர் செயலாளர் பெயர்கள், இரண்டு பக்கம் போதும் சேர்” என்றார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு பந்துகூடப் போடாமல் போன வருசங்கள் நமக்கு எத்தனை இருந்தன! அவற்றை விட்டுவிட்டு எழுதினால், 89இல் ஆடி முடித்துவிட்டு அடுத்த கிழமையே 2002இல் இறங்கி ஆடின மாதிரி ஆகிவிடும். பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும் எழுதுவேன் என்று.

தொடக்கத்தைப் பற்றி மூத்தவர்களிடம் கேட்டு எழுதி முடித்தாயிற்று. டவுன் பக்கத்தில் பள்ளிக்கூட மைதானங்கள் இருந்தன. புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்காவிலிருந்து வந்த வெபர் அடிகளார் விளையாட்டுக்கென்றே உழைத்தார். அவர் பெயரில்தான் வெபர் மைதானம் நிற்கிறது. பாலத்துக்கு இந்தப் பக்கம், கல்லடியில், சிவானந்தா மைதானத்தை விட்டால் நமக்குத் தென்னங்காணிதான். எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. நல்ல பந்து கடைகளில் கிடைக்காது. ஒரே பந்தில் மாதக்கணக்கில் ஆடி, தையல் விட்டதும் செருப்புத் தைக்கிற ஐயாவிடம் கொடுத்து மெழுகு நூலால் திருப்பித் தைத்து வாங்கி ஆடினார்களாம். மிட்விக்கெட்டில் நின்ற தென்னையில் பந்து பட்டால் நாலு. 78 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி அந்தத் தென்னையையும் காணியில் நின்ற மற்ற மரங்களையும் சாய்த்துவிட்டது. விழுந்த மரங்களைக் கழகத்து ஆட்கள்தான் வெட்டி இழுத்தார்கள். நீயும் நானும் ஆடின அகலமான மைதானம் அப்படி வந்ததுதான்.

பந்து விழும் தரையில் நாம் விரித்த பாய், அந்த மெட்டிங்கைப் பற்றித் தனியாகவே ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன், இப்போதைய பிள்ளைகளுக்கு அது தெரியாது. தும்பு மெட்டிங்கை விரித்து, ஓரத்துக் கண்களில் இரும்பு ஆணி அடித்து, நாலு பேர் நாலு மூலையில் காலை ஊன்றி இழுத்துக் கட்ட வேண்டும். இழுவை சரியாக இருந்தால் பந்து நம்பிக்கையாக எழும்பி வரும். ஒரு மூலை தளர்ந்தால் போதும், அந்த மடிப்பில் பட்ட பந்து எங்கே போகும் என்று போட்டவனுக்கே தெரியாது. மழையில் நனைந்தால் தூக்கவே எட்டுப் பேர் வேணும். இன்னொன்றும் எழுதினேன்: மெட்டிங்கில் பழகியவன் இடுப்பளவு எழும்பும் பந்தை எதிர்பார்த்தே நிற்பான். கொழும்புக்குப் போய்ப் புற்றரையில் பந்து தாழ்ந்து வரும்போது எல்பிடபிள்யூ, இல்லாவிட்டால் போல்ட். நம் பொடியன்மார் கொழும்பில் சோபிக்காததற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. இதை யாராவது எழுதியே ஆக வேண்டும்.

அப்புறம் நம்முடைய கொக்கட்டிச்சோலைக்காரன். அவ்வளவு வேகமாகப் பந்து போட்ட ஒருவனை நம் கழகம் அதற்குப் பிறகு காணவில்லை. விடியப் புறப்பட்டு, மண்முனைத் துறையில் முதல் பாதையில், அந்த மிதவைப் படகில், சைக்கிளை ஏற்றி, ஆற்றைக் கடந்து மிதித்து வந்து, வந்த களைப்போடேயே முதல் ஓவர் போடுவான். 90 ஜூனில் சண்டை தொடங்கியதோடு ஆற்றுக்கு அக்கரையான படுவான்கரை வேறு நாடு போலாகிவிட்டது. அவன் வரவு நின்றது. போன மாதம் தேடிப் போனேன். வயல் செய்கிறான், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மண்முனையில் 2014இல் பாலம் திறந்தாயிற்று, பாதைக்குக் காத்திருக்கும் வேலை இல்லை. அடுத்த ஞாயிறே மோட்டார் சைக்கிளில் மைதானத்துக்கு வந்துவிட்டான். உன்னைத்தான் முதலில் விசாரித்தான்.

இனி முக்கியமான விசயம். நம் பழைய ஸ்கோர் புத்தகங்கள் எல்லாம் கடற்கரைப் பக்கத்து வீட்டில் பெட்டியில் இருந்தது உனக்குத் தெரியும். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த வீடும் போனது, அந்த வீட்டு ஆட்களும் போனார்கள். அவர்களை நினைத்தபோது புத்தகத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. இத்தனை வருசமாக நானும் பேசவில்லை. இப்போது எழுதப் போகும்போதுதான் ஒன்று உறைத்தது. ஒரு ஆட்டத்துக்கு இரண்டு பேர் ஸ்கோர் எழுதுவார்கள். நம் புத்தகம் போனால் எதிரணிப் புத்தகம் இருக்க வேண்டுமே!

நாம் அதிகம் ஆடியது யாரோடு? பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பொடியன்மாரோடுதான். அவர்களுக்கு ஸ்கோர் எழுதின அண்ணரை, எல்லாரும் காக்கா என்று கூப்பிடுகிறவரை, உனக்கு ஞாபகமிருக்கும், மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்து பென்சிலைக் காதில் சொருகியிருப்பார். அவரைத் தேடிப் போனேன். புடவைக் கடையை மகன் பார்க்கிறார். காக்கா வீட்டில் ஓய்வு. விசயத்தைச் சொன்னதும் உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையை எடுத்து வந்தார். அதற்குள் மூன்று புத்தகம். மட்டைகளில் கறையான் அரித்திருந்தாலும் தாள்கள் தப்பியிருந்தன.

மச்சான், பக்கத்தைத் திறந்தால் நம் எல்லாருடைய பெயரும் அவருடைய கையெழுத்தில். பந்துக்கு ஒரு புள்ளி, மெயிடன் ஓவருக்குப் புள்ளிகளை இணைத்து அழகான எம். கொக்கட்டிச்சோலைக்காரன் போட்ட ஓவர்களில் அந்த எம் வரிசையாக நிற்கிறது. நீ அரைச்சதம் என்று சொல்லும் அந்த ஆட்டமும் இருக்கிறது: 43, ரன் அவுட். காக்கா விரலை வைத்துக் காட்டி, “நல்லா ஆடினவர், நான்ஸ்ட்ரைக்கர்தான் ஏமாத்திப்போட்டார்” என்றார். நான்ஸ்ட்ரைக்கர் யாரென்று உனக்குத் தெரியும், எழுதவில்லை.

கடைசிப் புத்தகத்தில் பாதிக்கு மேல் வெற்றுத் தாள். 90 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த மாதம் வந்தாறுமூலைக் கம்பஸில் தஞ்சமிருந்த நம் தமிழ் ஆட்களை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது, போனவர்கள் போனவர்கள்தான். அதற்குப் பிறகு இரண்டு ஊரும் ஒரே மைதானத்தில் நிற்க வருசக்கணக்கானது. நானும் காக்காவும் அந்த வெற்றுத் தாள்களைப் புரட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். அவர் இழந்தவர்களை அவர் சொன்னார், நான் நம்முடையவர்களைச் சொன்னேன். இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுதுங்க தம்பி, ரெண்டு பக்கத்தையும் எழுதுங்க” என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன். குழுவில் ஒன்றிரண்டு பேர் தயங்கினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

96 உலகக் கிண்ணத்தைச் சுருக்கமாகத்தான் எழுதினேன். லாகூரில் அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட் எடுத்து 107 அடித்து நின்ற அன்று, பேட்டரியில் ஓடிய ரீவிக்கு முன்னால் ஊரே குந்தியிருந்தது. அடுத்த நாளே ஒழுங்கையெல்லாம் மட்டை. ஆனால் கடினபந்துக்குப் பணம் இல்லை. மென்பந்துதான் கழகத்தை உயிரோடு வைத்திருந்தது. மென்பந்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. யுத்த நிறுத்தத்துக்குப் பிறகு 2002இல் மீண்டும் அணி சேர்க்க முடிந்ததென்றால், அந்த மென்பந்துப் பொடியன்மார் இருந்தபடியால்தான்.

இப்போது திமிலதீவில் கோட்டைமுனை விளையாட்டுக் கிராமத்தில் புற்றரை விக்கெட் இருக்கிறது. யாழ்ப்பாணத்து வியாஸ்காந்த் இலங்கைக்கு ஆடியதிலிருந்து நம் சின்னப் பொடியன்மார் எல்லாருக்கும் லெக் ஸ்பின் ஆசை. ஒருவனுக்கு நல்ல மணிக்கட்டு. பள்ளிக்கூடம் விட்டதும் மைதானத்துக்கு வந்து வெறும் ஸ்டம்புக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

சரி, உன்னிடம் ஒரு வேலை. காத்தான்குடி அணியும் நாமும் கலந்து நின்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் உன் அல்பத்தில் இருக்க வேண்டும். இங்கே ஒருவரிடமும் அது மிஞ்சவில்லை. ஸ்கேன் பண்ணி வாட்ஸ்அப்பில் அனுப்பு. இடமிருந்து வலமாக யார் யாரென்று எழுது. தெரியாத முகங்களைக் காக்கா சொல்லுவார். அந்த ரன் அவுட்டைப் பற்றி நீயே ஒரு பக்கம் எழுதினால் உன் பெயரிலேயே போடுகிறேன். சித்திரை வருசத்துக்கு முன்னால் அச்சுக்குக் கொடுக்க வேண்டும், பிந்தாதே.

மகளுக்கு எங்கள் ஆசிகள். காலைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு நண்பன்
கல்லடி, மட்டக்களப்பு