கொலுசுச் சத்தத்துக்குத் திரும்புகிறான்

எடிசன், நியூஜெர்சி
பிப்ரவரி 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் வந்து சேர்ந்தது. தட்டுவடை பாதி நொறுங்கிவிட்டது, ஆனாலும் ஒரே நாளில் தீர்ந்தது. ஏற்காட்டுக் காபித்தூளைப் பிரித்ததும் சமையலறையில் நம் வீட்டு மணம். அதற்கு அடியில் மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த வசம்பையும் பார்த்தேன். எதற்காக வைத்தாய் என்று புரிந்தது. கவினைப் பற்றிப் போனில் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீ விடியும்வரை தூங்க மாட்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் ஏற்காட்டுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிக்கொண்டே ஏறினோம். வழியில் வண்டியை நிறுத்தியபோது சுவர்மேல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. தம்பி மகள் இவனைவிட இரண்டு மாதம் சின்னவள். குரங்கைச் சுட்டுவிரலால் காட்டிவிட்டு, திரும்பி உன் முகத்தைப் பார்த்தாள். 'நீயும் பார்த்தாயா' என்று கேட்கிற பார்வை அது. மறுபடி குரங்கு, மறுபடி உன் முகம். நீ சிரித்த பிறகுதான் கையை இறக்கினாள். கவின் என் காலடியில் குந்தி, பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு அதன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். பெயரைச் சொல்லி நான்கு முறை கூப்பிட்டேன். அப்பாவும் கூப்பிட்டார். சக்கரம் நிற்கும்போது அதை மறுபடி சுழற்றினானே தவிர, எங்களைப் பார்க்கவில்லை. அன்று மலைக்காற்றில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்குள் ஏதோ ஒன்று இறங்கிப் போனது. யாரிடமும் சொல்லவில்லை.

இங்கே வந்தபின் ஜூலையில், அவனுக்கு 18 மாதம் முடிந்தபோது, டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார். எம்-சாட் என்று பெயர், ஆட்டிசத்தின் அறிகுறி இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. 20 கேள்விகள், பெற்றோர் ஆம், இல்லை என்று குறிக்க வேண்டும். 18 மாதத்திலும் 24 மாதத்திலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனையைச் செய்யச் சொல்கிறார்கள். ஒன்றைக் காட்டுவதற்காக விரல் நீட்டுகிறானா என்று ஒரு கேள்வி. ஆம் என்று போட்டேன் அம்மா. ஒருமுறை மின்விசிறியைப் பார்த்துக் கையைத் தூக்கினான், அதை நினைத்துப் போட்டேன். பெயர் சொன்னால் திரும்புகிறானா என்ற கேள்விக்கும் ஆம் போட்டேன். அந்தத் தாளில் நான் எழுதியது என் ஆசையை. ஆறு மாதம் வீணாயிற்றே என்று இன்றும் மனம் அடித்துக்கொள்கிறது.

நம் வீட்டில் 'பா', 'தண்ணி' என்று சொன்னானே, அந்தச் சொற்கள் தீபாவளிக்குள் போய்விட்டன. இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்க் குழாயடியில் என் கையை வைக்கிறான். முகத்தைப் பார்ப்பதில்லை. கை மட்டும் அவனுக்குப் போதும்.

போன மாதம் அதே தாளில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். கவலைப்பட வேண்டிய பதில்கள் 9 வந்தன. 8-ம் அதற்கு மேலும் வந்தால் காத்திருக்க விடுவதில்லை, உடனே அடுத்த பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். இது ஆட்டிசம்தான் என்று அந்த எண் சொல்லிவிடாது, கவனித்துப் பார்க்க வேண்டிய குழந்தை என்று மட்டும் சொல்கிறது. முதலில் காதைப் பார்த்தார்கள். சத்தம் புகாத ஒரு சின்ன அறையில் அவனை மடியில் வைத்து உட்கார்ந்தேன். ஒரு பக்கம் மெல்லிய ஒலி வரும். அந்தப் பக்கம் திரும்பினால் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பொம்மைக் கரடி விளக்கெரிந்து ஆடும். ஒவ்வொரு முறையும் திரும்பினான். காது நன்றாக இருக்கிறது. எனக்கு அது முன்பே தெரியும். கூப்பிட்டால் திரும்பாதவன், பக்கத்து அறையில் என் கொலுசு சிணுங்கினால் உடனே தலையைத் தூக்குகிறான்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென்று இங்கே அரசுத் திட்டம் ஒன்று சட்டப்படியே இருக்கிறது. பெற்றோரே போன் செய்து கேட்கலாம். 45 நாளுக்குள் குழந்தையைப் பரிசோதித்துத் திட்டம் வகுக்க வேண்டும், பரிசோதனைக்குக் கட்டணம் இல்லை. போன வாரம் பனி கொட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண்கள் வீட்டுக்கே வந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டுத் தரையில் அவனோடு உட்கார்ந்து, சோப்புக் குமிழி ஊதி, மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். அவன் எப்படி உதவி கேட்கிறான் என்று பார்க்கத்தான். அடுத்த வாரத்திலிருந்து பேச்சுப் பயிற்சி தொடங்குகிறது. ஆட்டிசமா இல்லையா என்று உறுதியாகச் சொல்லும் மருத்துவரைப் பார்க்க ஜூன் மாதம்தான் தேதி கிடைத்தது. ஆனால் பயிற்சிக்கு அந்தப் பெயர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான் என்று அத்தை சொல்கிறார்கள். அப்படிப் பேசுகிற பிள்ளைகளும் உண்டுதான். ஆனால் பேச்சு வராத பிள்ளையும் விரலால் காட்டும், முகத்தைப் பார்த்துச் சிரிக்கும், கூப்பிட்டால் திரும்பும். என் பயம் பேச்சைப் பற்றி மட்டும் இல்லை.

இங்கே நான்கு சுவருக்குள் ஆளில்லாமல் வளர்ந்ததால் இப்படி ஆனதோ என்று நான் பல இரவுகள் நினைத்திருக்கிறேன். இந்தக் குளிர்காலத்தில் ஒரு வாரம் முழுக்க அடுத்த வீட்டு மனிதர் முகம்கூடத் தெரியாது. நம் செவ்வாய்ப்பேட்டைத் தெருவில் என்றால் காலையிலிருந்து எத்தனை பேர் தூக்கிக் கொஞ்சியிருப்பார்கள்! டாக்டரிடம் கேட்டேவிட்டேன். வளர்ப்பினால் வருவதில்லை, மூளை வளரும் விதமே வேறு, மரபணுவுக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்றார். ஒரு காலத்தில் இந்த நாட்டு மருத்துவர்களே தாயின் பாசக்குறைவுதான் காரணம் என்று சொல்லி எத்தனையோ பெண்களை அழவைத்திருக்கிறார்கள். அது தவறு என்று எப்போதோ தெளிவாகிவிட்டது. எதிர்வீட்டு அக்கா தடுப்பூசியால் என்று சொன்னதாக எழுதியிருந்தாயே, அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. தம்பி மகளுக்கு ஓர் ஊசியையும் தள்ளிப்போட விடாதே.

வசம்பைத் தடவவில்லை, கோபித்துக்கொள்ளாதே. உணவில் சேர்க்கவே இங்கே 1968-இல் தடை செய்துவிட்டார்கள். கோட்டை மாரியம்மனுக்கு நீ வேண்டிக்கொண்டதை மட்டும் அப்படியே வைத்துக்கொள், ஆடியில் உனக்குப் பதிலாக நானே வந்து செலுத்துகிறேன்.

தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசட்டுமா என்று உன் மாப்பிள்ளை கேட்டார். வேண்டவே வேண்டாம், உங்களுக்கு மனம் திறந்து வரும் மொழியில் பேசுங்கள், இரண்டு மொழியால் இது வருவதில்லை என்று அந்தப் பெண்கள் சொன்னபோதுதான் அழுதேன். ஆகையால் நீ போனில் 'பாட்டி சொல்லு, பாட்டி சொல்லு' என்று கேட்க வேண்டாம். அவன் பந்தை உருட்டினால் 'பந்து உருளுது' என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுத்திரு. அவன் பார்க்காவிட்டாலும் பேசு.

இன்னொன்று. ஜூன் மாதத்துக்குள் ஒரு விவரம் வேண்டும், குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா என்று கேட்பார்கள். அப்பா எந்த வயதில் பேசினார் என்று அத்தைப்பாட்டியிடம் கேட்டுச் சொல். பட்டறையில் யாரோடும் பேசாமல் சலங்கை முத்துகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திக்கொண்டே இருப்பாரே, அதைக் குறையாகச் சொல்லவில்லை அம்மா. கவின் அரிசி டப்பா மூடிகளை அடுக்கும்போது அப்பாவின் விரல்கள்தான் எனக்குத் தெரிகின்றன.

ஏப்ரலில் உனக்கு டிக்கெட் போடுகிறோம். வரும்போது அப்பாவிடம் சொல்லி என் கொலுசுக்கு ஒரு திருகு வாங்கி வா. இடதுகால் திருகு தேய்ந்து அடிக்கடி கழன்றுவிடுகிறது. நூலால் கட்டிப் போட்டிருக்கிறேன்.

உன் அன்பு மகள்