ஜாஸ்பர் வழியில் நிற்கும் மகனுக்கு

கோண்டாவில்

அன்பு மகனுக்கு,

கனடாவின் ராக்கி மலைகளிலிருந்து நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. எல்க் மானின் கொம்பைப் பார்த்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ச் சின்ன மாமாவுக்கும் காட்டிவிட்டு வந்தார். சென்டினல் கணவாய் 2,611 மீட்டர் உயரமாமே. கோயில் வீதியைச் சுற்றி வருவதற்கே தூக்கச் சொல்லி அழுத பிள்ளை, அவ்வளவு உயரம் நடந்து ஏறியிருக்கிறாய். எனக்குப் பெருமைதான்.

ஆனால் மொரெய்ன் ஏரியிலிருந்து அங்கே ஏறும் பாதையில், கரடி நடமாடும் காலத்தில் நாலு பேருக்குக் குறையாமல் நெருங்கி நடக்க வேண்டும் என்று பூங்காக்காரர் சட்டமே வைத்திருக்கிறார்களாம். பெரியக்காவின் மகன் சொன்னான். நீ ஆரோடு போனாய்? படத்தில் நீ மட்டும்தான் நிற்கிறாய். கமராவைக் கல்லின்மேல் வைத்து எடுத்தாயோ, மலையெல்லாம் சரிந்து கிடக்கிறது.

கரடியை லேசாக நினைக்காதே. அக்கராயனில் இருந்த காலம் உனக்கு நினைவிருக்காது. விறகுக்குப் போகிறவர்கள் யானையைவிடக் கரடிக்குத்தான் பயந்தார்கள். பாலைப்பழக் காலத்தில் அது மரத்திலேயே ஏறி இருக்கும். திடுக்கிட்டால் முகத்தில்தான் பாயும். அப்பா ஒருநாளும் தனியே காட்டுக்குள் போனதில்லை. நாலைந்து பேராகச் சத்தமாய்க் கதைத்துக்கொண்டு போவார்கள். அங்கேயும் பஃபலோ பெர்ரி என்ற சிவப்புப் பழத்தைத் தேடித்தான் கரடி பாதையோரம் வருகிறதாம். கரடி, ஓநாய் என்றால் 100 மீட்டர் தள்ளி நில். மானுக்கும் 30 மீட்டர் விட வேண்டுமாம். செப்டம்பரில் எல்க் கிடாய்கள் மூர்க்கமாக நிற்கும். அந்தக் கொம்பை எவ்வளவு கிட்டப் போய்ப் படம் எடுத்தாய்? கரடி ஸ்பிரேயைப் பைக்குள் போடாமல் இடுப்பில் கட்டு. இரவில் சாப்பாட்டுச் சட்டியை வெளியே வைக்காதே. தனியே நடக்காதே.

லேக் லூயிஸிலிருந்து ஜாஸ்பர் வரைக்கும் 230 கிலோமீட்டர், பெரும்பாலும் சிக்னல் இல்லையாம். அதனால்தான் நீ கதைக்கவில்லை என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். படம் அனுப்பக் கிடைத்த இடத்தில் எங்களோடு ஒரு நிமிடம் கதைத்திருக்கலாம்தானே.

மோட்டார் ஹோமுக்குள் எடுத்த படமும் பார்த்தேன். அடுப்பு, கட்டில் எல்லாம் வடிவாக இருக்கிறது. மேசையில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை இருக்கிறது. மருமகளுக்கு லீவு கிடைக்கவில்லையோ? போன வருஷம் நயாகராவில் அவள்தான் எங்களுக்கு வீடியோவில் எல்லாம் காட்டினாள். முந்தநாள் அவளுக்கு ஃபோன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. வேலையாக இருந்திருப்பாள்.

இங்கே புதிதாக ஒன்றுமில்லை. மழை இன்னும் வரவில்லை, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. நல்லூர்த் தேரன்று உங்கள் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்தேன். இரவில் வாகனத்தை ஒதுக்குப்புறமாக நிறுத்தாமல், நாலு சனம் நிற்கிற முகாம் இடத்தில் நிறுத்து. தனியே நடக்காதே என்று திரும்பவும் சொல்கிறேன், கோபிக்காதே.

மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை தெரிந்தவர் ஒருவர் ரொரன்ரோவுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்துவிடலாம். ஒரு பொதியாகக் கட்டவோ, இரண்டாகக் கட்டவோ என்று சொல்லு. விலாசம் பழையதுதானே?

அன்புடன்,
அம்மா