நீர்பாய்ச்சி ஐயாவைத் தேட உதவிய அத்தனை பேருக்கும்

வணக்கம்.

மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில், கண்மாய்த் தண்ணீரை வயல்களுக்குப் பங்கிட்டுப் பாய்ச்சிய 'நீர்பாய்ச்சி ஐயா' என்றால் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். கண்மாய் உடையப்போன மழை ராத்திரியில் மூழ்கிப்போய் மடையைத் திறந்துவிட்டவர். அந்த ஒரு ராத்திரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். மற்ற நாட்களில் அவர் என்ன செய்தார் என்பதைத் தேடி எழுதத்தான் உங்கள் வீட்டு வாசல்களுக்கு வந்தேன்.

முதல் நன்றி கீழத்தெரு அப்பத்தாவுக்கு. முழங்கால் வலியோடு கரைமேல் ஏறி வந்து, எந்த மடையில் எந்த வயல் பாயும் என்று கை நீட்டிக் காட்டினார். கண்மாய் பாதிதான் பெருகிய வருஷங்களில் ஐயா கடைமடையிலிருந்துதான் முறை வைப்பாராம். சொந்தப் பங்காளிகள் சண்டைக்கு வந்தும் மாற்றவில்லையாம். கூலி ரூபாயாக இல்லை. அறுப்பு முடிந்ததும் களத்தில் கொடுக்கிற கதிர்க்கட்டுதான். அவர் காவல் இருந்த ராத்திரிகளில் ஊர் தூங்கியது என்றார் அப்பத்தா.

1980-இல் கிராமக் கணக்குப்பிள்ளை, கிராம முன்சீப் பதவிகளை அரசு ஒழித்த பிறகும், கணக்குப்பிள்ளையாக இருந்த தங்கள் தாத்தா எழுதிய நோட்டுகளைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த குடும்பத்துக்குப் பெரிய நன்றி. அப்பத்தா சொன்ன அதே முறை, வயல் வயலாக, அதில் இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

கால்வாய் மதகுகளைத் திறந்து அடைக்கும் லஸ்கர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாமாவும் இல்லாவிட்டால் பாதிதான் புரிந்திருக்கும். 1895-இல் பெரியாறு அணை திறந்து, வைகையில் உள்ள பேரணையிலிருந்து கால்வாயில் தண்ணீர் வந்தும், கள்ளந்திரிக்கு இந்தப் பக்கம் ஒருபோகம்தான். கால்வாய்த் தண்ணீர் பிந்தினால் கண்மாயில் கிடப்பதைப் பங்கு வைப்பவர் கையில்தான் ஊரின் சோறு. ஐயா ஏன் அவ்வளவு கறாராக இருந்தார் என்பது அப்போதுதான் விளங்கியது.

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய இனாம் (மானிய நில) பதிவேட்டைப் பொறுமையாக எடுத்துக்கொடுத்த ஊழியர்களுக்கும் நன்றி. அப்புறம், சீமைக்கருவேலத்தை வெட்டி மடைக்கல்லைப் படமெடுக்க வழிசெய்த தம்பிகளே, கையெல்லாம் முள் கிழித்தும் நீங்கள் பாதியில் விட்டுப்போகவில்லை. மறக்க மாட்டேன்.

ஐயாவின் பேத்தி அவருடைய மண்வெட்டியை என் கையில் கொடுத்து, "எழுதுங்கண்ணே, ஆனா சாமியாக்கிடாதீங்க" என்றார். அப்படியே எழுதியிருக்கிறேன் தாயி. கையெழுத்துப் பிரதி தயார். அப்பத்தாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் அச்சுக்குப் போகும்.