ஆஸ்பத்திரி விலாசத்துக்கு ஒரு கடிதம்

பாம்பன்
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நீ சொன்ன தைலத்தைத் தேய்த்தால் ராத்திரி தூங்குகிறார், தேய்க்காவிட்டால் என்னையும் தூங்கவிடுவதில்லை. நீ தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா? நைட் டூட்டி பார்க்கிற உடம்பு, சூடு ஏறும். வாரம் ஒரு நாளாவது வை.

கையில் போன் இருக்க எதற்கு இந்தக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ "நல்லா இருக்கேம்மா, டூட்டிக்கு நேரமாச்சு" என்கிறாய். நான் "சரிம்மா" என்கிறேன். சித்திரை முழுக்க நாம் பேசியது இவ்வளவுதான். மூன்று வாரமாக அதுவும் இல்லை. காலையில் நான் அனுப்பும் பூப்படத்துக்குக் கீழே இரண்டு நீலக் கோடு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்கிறேன். நம் தெருவிலிருந்து உன்னைப் பார்த்து இன்னும் மூன்று பிள்ளைகள் நர்சிங் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் போன் போட்டுப் பாடம் சொல்லித் தருகிறாயாம். கேட்க எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா! அவர்களுக்கு இருக்கிற நேரம் எனக்கு இல்லையே என்றும் இருந்தது.

வீட்டு விலாசத்தை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏன் எழுதினேன் என்று கேட்காதே. பங்குனியில் அனுப்பிய நெத்திலிக் கருவாடு திரும்பி வந்துவிட்டது. "இந்த விலாசத்தில் இல்லை" என்று கொரியர்ப் பையன் பெட்டி மேல் பேனாவால் எழுதியிருந்தான். வீணாகவில்லை, நாங்களே சாப்பிட்டோம். மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். "டூட்டிக்குப் போயிருக்கா அத்தை" என்றார். அன்றைக்கு உனக்கு வார லீவு. நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. விசைப்படகெல்லாம் வரிசையாகக் கட்டிக் கிடக்கிறது, சாய வாடை தெரு வரைக்கும் அடிக்கிறது. ஏப்ரலில் திறந்தார்களே, அந்தப் புது ரயில் பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே ஏறுவதைப் பார்க்க ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறார்கள். நம் ஆட்களுக்கு அதற்குள் சலித்துவிட்டது.

பால்வாடியில் போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மூலையில் பிள்ளைகள் அம்மா அப்பா விளையாடிக்கொண்டிருந்தார்கள். மூன்றரை வயசுப் பையன், இன்னும் கால்சட்டையைத் தானாகப் போடத் தெரியாது. தட்டைத் தரையில் டங்கென்று போட்டு "சோறு எங்கடி" என்கிறான். அந்தப் பெண் பிள்ளை, எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லாமல், முந்தானை இல்லாத தோளில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, மணல் சோற்றை வைக்கிறாள். தலை குனிந்துதான் வைக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தது? நான் எழுதிக்கொண்டிருந்த எடைக் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ராமநாதபுரத்தில் பயிற்சி கொடுத்தபோது, பிள்ளை காதால் படிப்பதைவிடக் கண்ணால்தான் அதிகம் படிக்கும், அதிலும் ஐந்து வயதுக்குள் படிப்பதுதான் ஆழமாகப் பதியும் என்றார்கள். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். நோட்டு பீரோவில் இருக்கிறது.

இருபத்துநாலு வருஷத்தில் "காலை மடக்கி உட்காரு" என்று எத்தனை பெண் பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன்! ஒரு பையனிடமும் சொன்னதில்லை. விளையாட்டுச் சாமான் பெட்டியைத் திறந்தால் என் கை தானாகச் சொப்புச் சாமானை இந்தப் பக்கமும் பந்தை அந்தப் பக்கமும் கொடுத்துவிடும். அன்றைக்கு இன்னொரு வாண்டு மரப்படகை எடுத்து வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்றாள். "பொட்டப் பிள்ள, நீயா கடலுக்குப் போகப் போற, அவன்கிட்ட குடு" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எங்கம்மாதான் கடலுக்குப் போகுது. அப்பா வீட்ல படுத்திருக்கு" என்றாள். பாசிக்காரி மகள். ஆயாம்மா சிரித்த சிரிப்பில் சத்துமாவு உருண்டை கையிலிருந்து விழுந்துவிட்டது. நானும் சிரித்தேன். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அது நெஞ்சில் முள் மாதிரி இருந்தது. அந்தத் தெருவிலேயே பிறந்து, பொம்பளைகள் முக்குளித்துப் பாசி எடுப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டே, என் வாய் அப்படிப் பேசுகிறது பார்.

எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தது உன் அம்மாச்சி. 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியிலிருந்து உடுத்திய சேலையோடு வந்தவள். வீடு, வள்ளம், காதில் கிடந்தது எல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது. "பேரு ஒண்ணுதான் மிச்சம், அதைக் கெடுத்துறாதீங்கடி" என்பாள். ஒன்றுமில்லாமல் வந்து இறங்கியவளுக்குக் கடன் கொடுத்ததும், எங்களுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கொடுத்ததும் இந்தத் தெருதான். அதனால் தெரு முகம் சுளித்தால் அவளுக்குச் சோறு இறங்காது. சிறுசில் நாங்கள் சத்தமாகச் சிரித்தால் அவள் முதலில் பார்ப்பது எங்களை அல்ல, ஜன்னலை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவள் பயத்துக்கு ஒரு புயல் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? நான் பிறக்கும்போது கூரை, படகு, ரேஷன் கார்டு எல்லாம் வந்தாகிவிட்டது. பயத்தை மட்டும் சீதனமாக வாங்கிக்கொண்டேன்.

கீழக்கரை டீச்சர் ஒருத்தி என்னோடு பயிற்சிக்கு வருவாளே, நினைவிருக்கிறதா, தொதல் கொண்டுவந்து தருவாள். அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கென்று வீடு கொடுப்பார்கள். மகள் அம்மா வீட்டில் இருக்கிறாள் என்றால் அது அங்கே ஒரு செய்தியே கிடையாது, அவள் வேறு எங்கே இருப்பாள்? இங்கிருந்து பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அதே கடல், அதே மீன், அதே வெயில். நம் தெருவில் கட்டிக் கொடுத்த மகள் மூன்று நாள் தங்கினால், நாலாம் நாள் குழாயடியில் "எப்ப ஊருக்கு?" என்று கேட்பார்கள். கேட்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரிதான் கேட்கிறார்கள். நானே எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறேன், பதில் சொல்ல முடியாமல் ஒருத்தி குடத்தை நிரப்பாமலே திரும்பிப் போயிருக்கிறாள்.

ஊர்க் கட்டுப்பாடே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசி விஷயத்தையே எடுத்துக்கொள். மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, இரும்பால் சுரண்டாமல் கையால்தான் கிள்ளுவது என்று பொம்பளைகளே கூடி முடிவெடுத்தார்கள். சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவில் விருது கொடுத்தார்களே, அது இதற்குத்தான். போலீசா வந்து எண்ணுகிறது? நம் பக்கத்தில் ஒருத்தி விடுப்பு நாளில் தனியாகப் போய் எடுத்துவிட்டாள். யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த நாள் படகில் அவள் பக்கத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவு இடம் விட்டு உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் போகவில்லை, மரிக்கொழுந்துப் பாசியும் திரும்பத் தழைக்கிறது. விசைப்படகுக்கு மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று அப்பா காலத்தில் பிரித்துக்கொண்டதும் ஒருத்தர் வலையை ஒருத்தர் அறுக்காமல் இருக்கத்தான். ஆனால் பாப்பா, பாசியைக் காப்பாற்றுகிற அதே பார்வைதான் ஒரு வீட்டுக் கதவையும் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எதற்குப் பணிய வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகத் தூக்கிக்கொண்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. கேன்டீன் சாப்பாட்டை மட்டும் நம்பாதே. நைட் டூட்டி முடிந்து பஸ்ஸில் தூங்கிவிடாதே. <s>எதுவானாலும் கொஞ்சம் பொறுத்துப் போ</s>

மேலே ஒரு வரியை அடித்திருக்கிறேன். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. வேறு தாள் எடுக்கலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும், நீயும் பார்.

2023 ஆடி மாதம். பாலம் பழுதென்று ரயில் ஓடாத சமயம். ராத்திரி பதினொன்றரைக்கு மதுரை பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டிலிருந்து தனியாக நடந்து வந்து கதவைத் தட்டினாய். கையில் அந்த நீலப் பை. ஒரு பக்க வார் அறுந்துபோய், துப்பட்டாவைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாய். கதவைத் திறந்ததும் நான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. உன் தோளுக்கு மேலே, எதிர்வீட்டுத் திண்ணையில் யாராவது படுத்திருக்கிறார்களா என்று பார்த்தேன். அம்மாச்சி ஜன்னலைப் பார்ப்பாளே, அதே மாதிரி.

தோசை சுட்டேன். இரண்டு சாப்பிட்டாய், மூன்றாவதில் பாதியை மடித்து வைத்துவிட்டாய். ஏன் வந்தாய் என்று நான் கேட்கவில்லை. "எப்ப போகணும்?" என்று கேட்டேன். நீ தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாய், கொஞ்ச நேரம் பார்த்தாய். அப்புறம் "நாளைக்கு" என்றாய். நீயாகத்தான் நாளைக்கு என்றாய் என்று இரண்டு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். உன் வாயில் அதை ஊட்டியது நான்தான்.

நாலு மணிக்கு எழுப்பினேன். அன்று பாசிக்குப் போகிற நாள், ஐந்து மணிக்கெல்லாம் தூக்குவாளியும் கையுமாகத் தெருவில் இறங்கிவிடுவார்கள். அதற்குள் உன்னை ஏற்றிவிட வேண்டும். தெருவழியாகக் கூட்டிப் போகாமல் கடற்கரை ஓரமாக, இழுத்துப் போட்ட வள்ளங்களுக்கு நடுவில் கூட்டிப் போனேன். உன் செருப்பு மணலில் புதைந்து புதைந்து வந்தது. ரோட்டில் டீக்கடைக்காரர் அப்போதுதான் பால் சட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன்: "லீவு கிடைக்கலண்ணே, ஒரு எட்டுப் பாத்துட்டுப் போகுது." அவர் "சரிம்மா" என்று பாலைக் கிண்டினார். நீ என் பக்கத்தில் நின்று அதைக் கேட்டாய்.

தெரு என்ன சொல்லும் என்று உன் வாழ்நாள் முழுக்கச் சொல்லி வளர்த்தேன். அன்றைக்குத் தெரு தூங்கிக்கொண்டிருந்தது பாப்பா. தெருவுக்காக முழித்திருந்தது நான் ஒருத்திதான்.

என் கதையும் ஒன்று உண்டு. நீ வயிற்றில் நாலு மாசம், நானும் இப்படி ஒரு பையோடு போனேன், அம்மாச்சி என்னையும் விடியுமுன் திருப்பி அனுப்பினாள். அப்பா நல்ல மனுஷன், குடியை விட்டார், என் பாடு சரியாகிப் போனது. எனக்குக் கேட்ட மருந்து எல்லோருக்கும் கேட்கும் என்று நினைத்துவிட்டேன். நீயே நர்ஸ், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்பா அன்றைக்குக் கடலில் இருந்தார். அவரிடம் போன வியாழக்கிழமைதான் சொன்னேன். கிழிந்த வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சாப்பிட வச்சாவது அனுப்புனியா?" என்று கேட்டார். இரண்டரை தோசை என்றேன். வேறு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பின்னறையில் கிடந்த வலை, மிதப்பு, உடைந்த நங்கூரம் எல்லாவற்றையும் அந்த முழங்காலோடு தானே தூக்கி வெளியே போட்டார். எதிர்வீட்டு மதினி "என்ன, வீட்டுக்கு ஆளு வருதா?" என்று கேட்டாள். எனக்கு வழக்கம்போல் ஏதாவது சொல்லத் தோன்றியது. அப்பா முந்திக்கொண்டு "மக வந்தாலும் வரும்" என்றார். அவள் "வரட்டும், வரட்டும்" என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டினாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். ஒரு அர்த்தமும் இல்லாமலும் இருக்கலாம்.

வந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. நீ எங்கே தங்கியிருக்கிறாய் என்று சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. வருவதாக இருந்தால் பகல் பஸ்ஸில் வா. பையை நான் தூக்கிக்கொள்கிறேன், தெருவழியாகவே வருவோம். அந்த நீலப் பையை இன்னும் வைத்திருக்கிறாயா, வாரைத் தைத்துவிட்டாயா?

எண்ணெய் மறக்காதே. தடை முடிந்ததும் நல்ல நெத்திலி வரும், காய வைத்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரி விலாசத்துக்கே அனுப்பட்டுமா? வாடை அடிக்கும் என்று உன் மேடம் சத்தம் போடுவார்கள் என்றால் மாசித்தூள் மட்டும் அனுப்புகிறேன், அது டப்பாவில் அடங்கிவிடும். எது வேண்டும் என்று ஒரு வரி எழுது.

அம்மா