அமிர்திக் காட்டில் ஒரு தாவர நடை: வனத்துறைக்குத் திறந்த மடல்

வேலூர் மாவட்ட வன அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். ஜவ்வாது மலையடிவார அமிர்தியில் மாதம் ஒரு ஞாயிறு, நம் முன்னோர் மரஞ்செடிகளை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று மக்களுக்கு நேரில் காட்டும் நடை ஒன்றைத் தொடங்க வேண்டுகிறோம். பெயர்ப்பலகை மட்டும் போதாது. அதைப் படித்துவிட்டு எட்டி மரத்தையும் தேற்றான் மரத்தையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டும் ஒரே பேரினம். இலையடியிலிருந்தே கிளம்பும் நரம்புகளும் ஒன்றுபோல இருப்பதால், காய் இல்லாத காலத்தில் ஏமாறுவது எளிது. எட்டிப்பழம் ஆரஞ்சு நிறம். விதை பொத்தான்போலத் தட்டை, மேலே பட்டுப்போன்ற மயிர். தேற்றான் பழம் சிறியது, பழுத்தால் கறுக்கும், கொட்டை உருண்டை. எட்டி விதையில் உள்ள ஸ்ட்ரிக்னின் என்ற நஞ்சு ஆளைக் கொல்லும். எனவே முதலில் இரண்டு விதைகளையும் மூடிய புட்டிகளில் வைத்துக் காட்டுங்கள்.

அடுத்து, இரண்டு கண்ணாடிக் குடுவைகளில் கலங்கல் நீர். தேற்றான் கொட்டையைச் சில சொட்டு நீர் விட்டுச் சொரசொரப்பான கல்லில் உரசி, அந்த விழுதை ஒன்றில் மட்டும் கலக்கி அசையாமல் வைக்க வேண்டும். நடை முடிந்து திரும்பும்போது அந்த நீர் மற்றதைவிடத் தெளிந்திருப்பது தெரியும். கொட்டையை முழுசாகப் போட்டால் பலனில்லை. விழுது மிஞ்சினாலும் கலங்கல் நிற்கும். தெளிந்த நீரில் கிருமி இருக்கும், கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும் என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆவாரையிடம் கொஞ்சம் கூடுதலாக நிற்க வேண்டும். குரோமிய உப்பால் தோல் பதப்படுத்தும் முறை வருவதற்கு முன் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்களைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டைதான். பட்டை ஊறலில் மட்டும் பதமான தோல் வெயில் பட்டால் சிவந்துவிடும். அதனால் கடைசியில் கடுக்காய் ஊறலில் போடுவார்கள். ஆவாரங்கிளையைத் தரையோடு ஒட்டி வெட்டினால் மறுபடி துளிர்க்கும்; நிற்கும் கிளையில் சுற்றிலும் பட்டையை உரித்தால் அது பட்டுப்போகும். நம் மாவட்டப் பிள்ளைகள் இதைத் தெரியாமல் வளரக் கூடாது.

வழிகாட்டிகளாக இருளர், ஜவ்வாது மலை மலையாளி ஆகிய பழங்குடி மக்களை நாட்கூலியோடு அமர்த்துங்கள். அவர்கள் சொல்வதற்குக் கைதட்டினால் மட்டும் போதாது. குழுவுக்குப் பதினைந்து பேர், காலை ஆறரைக்குப் புறப்பாடு, காட்டில் ஓர் இலைகூடப் பறிக்கக் கூடாது. காட்டுவதற்கான பட்டை, காய்களை நாட்டுமருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். எட்டி விதை மட்டும் துறையின் பொறுப்பிலேயே இருக்கட்டும்.

மழைக்காலம் முடிந்ததும் ஒரு காலை நேரம் ஒதுக்கித் தந்தால், எந்தெந்த மரத்தடியில் நிற்பது என்று உங்கள் வனக்காப்பாளர்களோடு வந்து குறித்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
வேலூர் வட்டாரத் தாவர ஆர்வலர்கள்