காம்டன்ல குண்டு பட்டவங்க கணக்கையும் வெளிய போடுங்க, நைட்ல நடந்து வர்ற போலீஸ குறைக்காதீங்க: கோரிக்கை மனு

அனுப்புனர்:
காம்டன்ல வேலை பாக்குற, படிக்கிற தமிழ் ஆளுங்க (செரி ஹில், வூர்ஹீஸ், காம்டன்)

பெறுநர்:
டைரக்டர் அவர்கள்,
காம்டன் கவுன்ட்டி கமிஷனர் போர்டு, நியூஜெர்சி

நகல்: மேயர் அவர்கள், காம்டன் சிட்டி

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். இதோட இங்கிலீஷ் காப்பியும் வச்சிருக்கோம். கையெழுத்து போடுறவங்கள்ல வயசான அப்பா அம்மாக்களும் இருக்காங்க, என்ன எழுதிருக்குன்னு படிக்காம போட மாட்டோம்னு சொல்லிட்டாங்க, அதான் தமிழ்லயும்.

மொதல்ல நல்லத சொல்லிடுறோம். 2012ல இந்த ஊர்ல 67 கொலை, ஊர்ல இருக்குறதே சுமார் 77,000 பேரு. அதுக்கு முன்னாடி வருஷம் ஜனவரில காசு இல்லன்னு போலீஸ்ல கிட்டத்தட்ட பாதிப் பேர வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, மிச்சம் இருந்தவங்க ஒரு கேஸ முடிக்கிறதுக்குள்ள அடுத்த போன் வந்துரும்ங்கற நெலம. 2013 மே 1ல சிட்டி போலீஸையே கலைச்சுட்டு கவுன்ட்டி (காம்டன், செரி ஹில் மாதிரி பல ஊரு சேந்த மாவட்டம்) போலீஸ் வந்துச்சு. கார் கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு சுத்துறத விட்டுட்டு எறங்கி நடந்தாங்க, கதவ தட்டி பேர சொல்லி அறிமுகம் ஆனாங்க, பசங்களுக்கு ஐஸ்கிரீம் வண்டி கூட கொண்டு வந்தாங்க. 2017ல கொலை 23 ஆச்சு, 2024ல 17. எல்லாமே போலீஸாலதான்னு நாங்க சொல்ல வரல, 2024ல நாடு முழுக்கவே குறைஞ்சுச்சு. நடுவுல 2016ல மறுபடியும் 44க்கு ஏறுனதையும் நாங்க மறக்கல. குறைஞ்சது திரும்ப ஏறாதுன்னு யாராலயும் எழுதிக் குடுக்க முடியாது.

ஆனா ஐயா, அந்த 17 செத்தவங்க கணக்கு மட்டும்தான்.

இத டைப் பண்ற நான் ஆஸ்பத்திரி ப்ளட் பேங்க்ல நைட் ஷிப்ட். குண்டு பட்டு ஒருத்தர் வந்தா எமர்ஜென்சில இருந்து போன் வரும், க்ரூப் பாக்க நேரம் இருக்காது, ஓ க்ரூப் ரத்தத்தையும், ஏ இல்லன்னா ஏபி க்ரூப் பிளாஸ்மாவையும் ஐஸ் போட்ட பெட்டில அடுக்கி கொடுத்துவிடணும். வர்றவர் யாருன்னே தெரியாது, அதனால கம்ப்யூட்டரே ஒரு பொய்ப்பேரு போட்டுக் குடுக்கும், அந்தப் பேர்லதான் லேபிள் ஒட்டுவோம். சில நேரம் பெட்டி தொடாமயே திரும்பி வரும், அது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு நான் போன் பண்ணி கேக்குறதில்ல. ஆம்புலன்ஸுக்கு காத்திருக்காம போலீஸே தங்களோட கார்ல தூக்கிப் போட்டு கொண்டு வர்றாங்க இல்லையா, அது ரொம்ப நல்ல ஏற்பாடு, அதனால பொழைச்சவங்க இருக்காங்க. ஆனா பொழைச்சா அவங்க கொலை கணக்குல வர மாட்டாங்க. இடுப்புக்குக் கீழ அசைவில்லாம வீட்டுக்குப் போற இருபது வயசுப் பையன் எந்தத் தலைப்புச் செய்திலயும் இல்ல. டாக்டருங்க கெட்டிக்காரத்தனத்தையும் சேத்து ஊர் அமைதியாயிடுச்சுன்னு எண்ணிட்டா அது சரியான கணக்கு இல்லீங்க.

அதனால நாங்க முக்கியமா கேக்குறது, மாசாமாசம் ஏரியாவாரியா எத்தன பேரு மேல குண்டு பட்டுச்சு, அதுல எத்தன பேரு செத்தாங்க, எத்தன கேஸ்ல ஆள புடிச்சாங்க, இத ஒரே ஒரு பக்கத்துல போடுங்க. வெப்சைட்ல தேடி எடுக்குற மாதிரி இருந்தா பத்தாது. இங்க பாதிக்கு மேல ஸ்பானிஷ் பேசுற குடும்பங்கள சேந்தவங்க, ரெண்டு மொழியிலயும் அச்சடிச்சு வால்டர் ரேண்ட் பஸ் டெர்மினல்ல, சர்ச்ல, மூலைக் கடைங்கள்ல ஒட்டுங்க.

அப்பறம் நடந்து வர்ற போலீஸ். பட்ஜெட் இறுக்கமாச்சுன்னா மொதல்ல கத்தி விழுறது இதுலதான்னு பயமா இருக்கு. டவுன்டவுன் ஆபீஸ் தெரு, ஆத்தங்கரை வாட்டர்ஃப்ரன்ட்டோட நின்னுடாம நார்த் காம்டன், விட்மன் பார்க் குடியிருப்புங்க பக்கமும், ராத்திரி ஷிப்ட் மாறுற நேரத்துலயும், குளிர்காலத்துலயும் வேணும். ஒண்ணு மட்டும் தெளிவா சொல்லிடுறோம், நாங்க கேக்குறது பேச வர்ற போலீஸ், சலான் கிழிக்க வர்ற போலீஸ் இல்ல. புது டிபார்ட்மென்ட் வந்த ஆரம்ப வருஷங்கள்ல கார் கண்ணாடி கருப்பா இருக்கு, சைக்கிள்ல பெல் இல்லன்னு ஏழைங்களுக்கு சலானா குவிஞ்சுச்சு, சிவில் உரிமை அமைப்புங்களே கேள்வி கேட்டாங்க, அந்தக் கூத்து திரும்ப வேணாம்.

தெருவிளக்கு பத்தியும் ஒரு வார்த்தை. ரயில் ஸ்டேஷன்ல இருந்து நாங்க நடக்குற வழில விளக்கு எரியலன்னு சொன்னா ஒரு ஆபீஸ் இன்னொரு ஆபீஸ கைகாட்டுது. யாரு பொறுப்புன்னு ஒரு ஆள சொல்லுங்க, போதும்.

செரி ஹில்ல இருக்குறவங்களுக்கு காம்டன் போலீஸ் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. பேருதான் கவுன்ட்டி போலீஸ், ரோந்து சுத்துறது காம்டன் சிட்டில மட்டும்தான், மத்த ஊருங்க அவங்கவங்க சொந்த போலீஸ வச்சுக்கிட்டாங்க. ஆனா உங்க போர்டுக்கு ஓட்டு போடுறது மொத்த கவுன்ட்டியும். அதாவது காம்டன்காரங்க வாசல்ல நிக்கிற போலீஸுக்கு மேலதிகாரி யாருங்கறத எங்க ஓட்டும் சேந்துதான் முடிவு பண்ணுது. எங்காளுங்க பாதிப் பேரு இன்னும் 2012 நியூஸ வச்சுக்கிட்டு, ஊருக்குப் புதுசா வர்றவங்ககிட்ட அந்தப் பக்கமே போகாதீங்கன்னு சொல்றாங்க, சம்பளம் வாங்குறது மட்டும் அங்க. அது எங்களுக்கே நல்லா படல, அதனாலதான் இந்த மனு.

அடுத்த பட்ஜெட்டுக்கு முன்னாடி இத பொதுக் கூட்டத்துல எடுத்துப் பேசி, எது முடியும் எது முடியாதுன்னு எழுத்துல பதில் குடுக்கணும்னு கேட்டுக்குறோம். நேர்ல கூப்பிட்டாலும் வர்றோம், ஆனா எங்கள்ல நைட் ஷிப்ட் ஆளுங்க அதிகம், காலைல வச்சுடாதீங்க, சாயங்காலமா வைங்க.

இப்படிக்கு,
கீழ கையெழுத்து போட்டிருக்குறவங்க